தரைக்குள் ஒரு கம்பி

தூணைத் தாண்டி நேராகப் போக வேண்டிய வண்டி, இடப்பக்கம் திரும்பியது.

பஞ்சுக் கிடங்குக்குள், பின்கதவருகே நின்றிருந்த கஜபதிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஓட்ட ஆள் வேண்டாத வண்டி அது. தரைக்குள் புதைத்த கம்பியை மோப்பம் பிடித்துக்கொண்டு போகும், கம்பி இல்லாத இடத்தில் ஓரடி நகராது. எண்பத்தேழில் மில்லுக்கு அது வந்தபோது கம்பி பதித்தவர்கள் இரண்டே பேர்: கஜபதியும், அவன் பாவா, அதாவது அக்கா தமயந்தியின் புருஷன் எல்லப்பனும். இந்தக் கிடங்குக்குள் அவர்கள் கம்பி போடவே இல்லை.

ஆடிக் கிருத்திகைக்காக மில் மூடியிருந்தது. மலையிலிருந்து பம்பைச் சத்தமும் அரோகராவும் தகரக் கூரையில் வந்து மோதிக்கொண்டிருக்க, எண்ணெயும் பஞ்சும் கலந்த புழுக்க வாடைக்கு நடுவே வண்டியின் முனகல் மட்டும் தனியாகக் கேட்டது. "வண்டி நேரா போவுதானு பின்கதவாண்ட நின்னு பாத்துகினு இரு மச்சான், நான் சுவிட்சப் போட்டுட்டு வரேன்" என்று சொல்லிப் போயிருந்தார் எல்லப்பன்.

கஜபதி குனிந்தான். அவன் கால்வரை, தரையில் விரல் அகலத்துக்குப் புதுச் சிமெண்டுக் கோடு. ஈரம்கூடக் காயவில்லை.

வண்டி வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. இருபுறமும் சுவரை ஒட்டிப் பஞ்சுப் பொதிகள், கூரைவரை; வண்டியைத் தாண்டிப் போக இடுக்கில்லை. முன்னால் இருக்கும் பட்டை எதில் இடித்தாலும் வண்டி நின்றுவிடும். பறக்கும் பஞ்சு அடைந்தால்கூட நின்று தொலைக்கிறதே என்று, அதை நூலால் இழுத்துக் கட்டி வைத்தவர் எல்லப்பன். அதனால்தான் போன மாதம் கூட வேலை செய்த தேசப்பன் நசுங்கிச் செத்தான். நாளைக்கு விசாரணை. உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று கஜபதி முந்தாநாள் அவரிடமே சொன்னான். "ஆங், சொல்லிடு" என்று அந்த மனுஷன் தலையாட்டினார். இவனும் நம்பினான்.

பட்டையில் இன்றும் நூல் கட்டியிருந்தது.

கஜபதி பின்கதவுப் பக்கம் திரும்பினான். கதவைத் தள்ளினான். வெளியே தாழ்ப்பாள்.

"பாவா, கதவத் தொறங்க."

வண்டிக்கும் அவனுக்கும் நடுவே பத்தடி. நிறுத்தும் பொத்தான் வண்டியின் பின்பக்கம். எட்டடி.

"அவரு போயிட்டாரு, கஜா."

கதவுக்கு வெளியே அக்காவின் குரல். போன உயிர் திரும்பி வந்தது.

"அக்கா, தாழ்ப்பாளத் தொற. வண்டி வருது."

"தெரியும்." மூக்கை உறிஞ்சினாள். "அவர உட்டா எனக்கு யாருடா கீறாங்க? கண்ண மூடிக்கினு நில்லு."

ஆறடி. முனகல். பஞ்சு வாடை.

நாலடி.

இரண்டு கையாலும் கதவை முட்டினான். மறுபக்கம் அக்கா தன் முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டது அவன் உள்ளங்கைக்குத் தெரிந்தது.