நாலு பத்துக்குத் திரும்பியவர்கள்

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சத்தியம் செய்து, தாளின் அடியில் கையெழுத்தும் போட்டாயிற்று. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நம்புகிறவர்கள் வாசலில் கிடக்கும் செருப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டுப் படிப்பது நல்லது.

அந்த லிஃப்ட் மெக்கானிக் இருபத்திரண்டு வருஷம் ஊரையே மேலே ஏற்றிவிட்டவர். தான் மட்டும் ஒரு மாடிகூட நடந்து ஏறியதில்லை. இடுப்பு பெருத்து மூச்சு சிறுத்தபோது, பல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அவர் மனைவி இரண்டு பேருக்கும் ராஜினாமாக் கடிதத்தைத் தானே எழுதிவிட்டாள்.

"லிஃப்ட்டுக் குழிக்குள்ளயே ஆயுசு முடிஞ்சிடும் போல. மலைப்பக்கம் போயிடலாங்க. தினம் நடப்போம், ஏரியில நீந்துவோம்."

"நான் இறங்கினா ஏரி கரை தாண்டிடும்மா."

"தாண்டட்டும். கிளம்புங்க."

காட்டை ஒட்டிய கடைசி வீடு. இரண்டு அறை, தகரக் கூரை, புத்தம்புது நடை ஷூ இரண்டு ஜோடி. ஏரியைச் சுற்றிப் போகும் பாதை தொடங்குமிடத்தில் ஒரு பலகைக் கொட்டகை. அதில் கயிற்றில் கட்டிய நோட்டு. போன நேரம், வந்த நேரம், கையெழுத்து. வராதவர்களைத் தேடிப் போவதற்காக வைத்தது. வனக் காவலர் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்று.

"அவங்கவங்க கையெழுத்த அவங்கவங்கதான் போடணும். பொண்டாட்டிக்காகப் புருஷன் போடுறதெல்லாம் ஆகாது."

"போட்டா?"

"நோட்டுல வந்தாச்சுன்னு இருந்தா, வந்தாச்சுதான் சார்." அவர் பாதையையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

மெக்கானிக் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். அவர் தொழிலில் 'சோதித்தேன், சரியாக உள்ளது' என்று தன் பெயருக்கும் கூட வந்தவன் பெயருக்கும் சேர்த்து முதலில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, நிதானமாக டீ குடித்துவிட்டு, அப்புறம்தான் ஸ்பானரைத் தொடுவார். ஒரு லிஃப்ட்டும் விழுந்ததில்லை.

மூன்றாவது வாரம் ஒரு மாலை. தூறல். ஏரியின் மேலிருந்து பனி மெல்லப் பாதைக்கு ஏறிக்கொண்டிருந்தது. கொட்டகைக்கு முப்பதடி இருக்கும்போது மனைவி குனிந்தாள்.

"லேஸ் அவுந்துடுச்சு. நீங்க போங்க, இதோ வந்துட்டேன்."

அவர் உள்ளே போனார். தன் பெயருக்கு நேரே 4.10 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழகிய கை. அடுத்த வரியிலும் 4.10 என்று எழுதி, அவள் கையெழுத்தையும் போட்டது.

திரும்பிப் பார்த்தார்.

பாதையில் ஆளில்லை.

கத்தினார். ஓடினார். மண்ணில் ஒரு முழங்கால் பதிந்த தடம் மட்டும் இருந்தது, அதில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு வந்த காவலர் நோட்டைப் புரட்டினார்.

"வந்தாச்சே சார்."

"அய்யோ, நான்தாங்க போட்டேன்! அழிச்சிடலாம்."

"அழிச்சா?" காவலர் குரல் இறங்கியது. "வந்தவங்க எங்க போவாங்க?"

வீட்டு வாசலில் அவள் ஷூ இருந்தது. நனைந்திருந்தது. இரண்டு லேஸும் இறுகக் கட்டியபடியே இருந்தன. உள்ளே அழுகிய இலையும் ஏரிச் சேறும் கலந்த வாடை. அடுப்படியில் முதுகைக் காட்டியபடி அவள்.

"வந்துட்டேன்."

"எப்படிம்மா வந்தே?"

"வந்துட்டேன்."

"யாரு... யாரு நீ?"

"வந்துட்டேன்."

அதைத் தவிர வேறு சொல் அதனிடம் இல்லை.

கெஞ்சிக் கூத்தாடித் தேடும் ஆட்களை அழைத்து வந்தார். அவர்கள் வாசலோடு நின்று எட்டிப் பார்த்தார்கள். "அக்கா உள்ளதான இருக்காங்க?" என்று போய்விட்டார்கள்.

ஆனால் தினமும் நாலு மணிக்கு அந்தப் பாதையில் அவர் நின்றால், பின்னால் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "என்னங்க, கொஞ்சம் நில்லுங்க." முதல் நாள் முப்பதடியில். மறுநாள் அறுபதடியில். ஆறாம் நாள் ஏரிக்கு அக்கரையிலிருந்து, கொசு முனகுவதுபோல.

ஏழாம் நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. உள்ளே வந்ததை வெளியே அனுப்பிவிட்டால்? நோட்டில் மனைவி பெயரை எழுதி, 'போன நேரம்' 2.30 என்று போட்டார். நிஜமானவளைத் தேடிக் கூட்டிவரத் தன் பெயரையும் எழுதினார். ஏரியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, தொண்டை கிழியக் கூப்பிட்டார். இருபத்திரண்டு வருஷத் தொப்பை வழியெல்லாம் முன்னால் ஓடியது. மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஐந்து மணிக்குக் கொட்டகைக்கு வந்தார்.

இரண்டு பெயருக்கும் எதிரே, 'வந்த நேரம்' 4.10.

கீழே அவருடைய கையெழுத்து. அந்தக் கடைசிச் சுழி உட்பட.

மை காயவில்லை.

வீட்டுக்கு ஓடினார். வாசலில் நனைந்த ஷூ இரண்டு ஜோடி, லேஸ் கட்டியபடி. குனிந்து தன் காலைப் பார்த்தார். அவர் ஷூ காலிலேயே இருந்தது. ஜன்னலுக்கு உள்ளே, மேஜையின் இரு பக்கமும் இருவர். ஒருவருக்கு நல்ல தொப்பை.

கதவைத் தட்டினார். கை தட்டியது, சத்தம் வரவில்லை.

காவலர் அந்தப் பக்கம் வந்தார். "அண்ணே! நான் இங்க இருக்கேண்ணே!" காவலர் அவரைத் தாண்டி ஜன்னலைப் பார்த்தார். "ரெண்டு பேரும் வந்தாச்சு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கொட்டகையைப் பூட்டப் போனார்.

இப்போதும் அந்தப் பாதையில் நாலு பத்துக்கு நடப்பவர்களுக்கு இரண்டு மூச்சுகள் கேட்கும். ஒன்று இக்கரையில், ஒன்று அக்கரையில். ஒன்று கூப்பிடுவது மற்றதற்குக் கேட்பதில்லை.

முதலில் சொன்ன அந்தச் சத்தியக் கையெழுத்து, இந்தக் கதையில் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன்பு, வெறும் வெள்ளைத்தாளில் போட்டது.