குலுங்காதவர்கள்

வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. நின்றிருந்தவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவரை வைதார்கள். யாருடைய தூக்குவாளியோ உருண்டு படிக்கட்டுப் பக்கம் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் குலுங்கவில்லை. எதிர்க்காற்று அடித்தும் தோளில் கிடந்த துண்டின் நுனிகூட ஆடவில்லை. கௌதம்ராஜுக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் முகம் வரைகிறவனுக்கு இப்படி ஓர் ஆள் கிடைப்பது லேசில்லை.

ராஜபாளையத்தில் பிளக்ஸ் அடிக்கும் கடையில் அவன் டிசைனர். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று நாளெல்லாம் அடுத்தவன் எடுத்த போட்டோவை வெட்டி ஒட்டுகிற பிழைப்பு. அந்த எரிச்சலில்தான் இன்ஸ்டாகிராமில் ‘தினம் ஒரு முகம்’ சேலஞ்சில் சேர்ந்தான். நேரில் பார்த்துத்தான் வரைய வேண்டும், ஒரு நாள் விட்டாலும் பெயரை எடுத்துவிடுவார்கள், வருஷம் முழுக்கத் தாக்குப்பிடித்தவர்களின் படங்களைச் சென்னையில் கண்காட்சி வைப்பார்கள். சாயந்தரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வீடு திரும்புகிற பஸ்ஸில்தான் அவன் வரைவான்.

மனைவி மாரீஸ்வரி தலைப்பிரசவத்துக்குக் கூமாப்பட்டியில் தாய்வீட்டில் இருந்தாள்.

“எம்புட்டு நாளாச்சு நீங்க வந்து? வயித்துல புள்ள முண்டுது. தொட்டுப்பாக்கக்கூட ஒங்களுக்கு நேரமில்ல” என்பாள் போனில்.

“வாரேன், வாரேன்” என்பான். ஞாயிற்றுக்கிழமையும் முகம் தேடிப் பஸ் ஏறிவிடுவான்.

அந்தப் பெரியவரை வரைந்த மறுநாள் காலை கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். கருமாதிக்குக் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வேண்டும். கொடுத்தது ஆதார் அட்டையில் இருந்த மங்கலான படம். சேத்தூர் ஆவுடையப்பன். பஸ்ஸில் பார்த்த அதே மூக்கு, அதே புருவத் தழும்பு.

“அவிய எப்ப தவறுனாவ?”

“நேத்து விடியக்காலைல. மத்தியானமே எடுத்தாச்சு.”

அவன் வரைந்தது நேற்றுச் சாயந்தரம்.

ஜாடை ஒன்றாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். அடுத்த வாரம் ஒரு மில் தொழிலாளி, அதற்குப் பிறகு மருதாணிக் கையோடு ஒரு கல்யாணப் பெண். குலுங்காமல் உட்கார்ந்து போன ஒவ்வொருவரும் மறுநாள் பிளக்ஸாகக் கடைக்கு வந்தார்கள். அவர்கள் இருந்த சீட்டைச் சுற்றிப் பன்னீரும் ஊதுபத்தியும் பழைய மாலையும் கலந்த வாடை அடிக்கும். யாரும் அவன் பக்கம் திரும்புவதில்லை.

பயந்தவன் என்ன செய்ய வேண்டும்? பஸ்ஸை மாற்ற வேண்டும், இல்லை பென்சிலைத் தூக்கி எறிய வேண்டும். இந்தப் பாவி இரண்டையும் செய்யவில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் ஆடினார்கள், தூங்கி விழுந்தார்கள், படம் கெட்டுப்போனது. செத்தவர்களை வரைந்த நாளில்தான் லைக் மளமளவென்று ஏறியது. ‘கண்ணுல உசுரு இருக்கு ப்ரோ’ என்று எழுதினார்கள். அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பஸ் ஏறியதும் குலுங்காத தலையைத்தான் கண் தேடியது.

அன்று மதியம் மாமியார் போன் செய்தாள்.

“மாப்ள, அவளுக்கு வலி கண்டுருச்சு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கோம். வெரசா வாங்க. ஒங்களத்தான் கேக்கா.”

கடை முதலாளி ஜெபக்குமார் பைக் சாவியை நீட்டினார். “ஏலே, எடுத்துட்டுக் கெளம்பு. கையில இருக்க வேலைய நான் பாத்துக்கிடுதேன்.”

பைக்கில் போனால் முகம் கிடைக்காது. ஆஸ்பத்திரியில் போய் நோட்டை விரிக்கவும் முடியாது. இத்தனை மாதம் கட்டிக்காத்தது ஒரே நாளில் போய்விடும்.

“பஸ்லயே போயிருதேன்ணே. தலைப்பிரசவம், நேரமாகும்” என்றான். வழக்கமான பஸ்ஸுக்காகச் சாயந்தரம் வரை காத்தும் இருந்தான்.

பஸ் கிளம்பும்போது மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ஒரு குழல்விளக்கு விட்டு விட்டு எரிந்தது, இஞ்சின் சூடும் வியர்வையும் யாரோ வைத்திருந்த பரோட்டாப் பொட்டலமும் சேர்ந்து மணத்தன, வேகத்தடை வந்ததும் எல்லாத் தலைகளும் ஒன்றாக எம்பி விழுந்தன.

ஒன்று விழவில்லை.

மூன்று சீட்டு முன்னால். ஒரு பெண். பின்னல் ஆடவில்லை. இன்று பன்னீர் வாடை இல்லை. டெட்டால் வாடை.

குனிந்து வரைய ஆரம்பித்தான். பின்னந்தலை. கழுத்து. காது. காதில் சின்னச் சிவப்புக்கல் தோடு.

பென்சில் நின்றது.

கல்யாணத்துக்கு அவனே எடுத்துக்கொடுத்த தோடு.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மாமியார். எடுக்கவில்லை. எடுக்காதவரை எதுவும் நடந்ததாகாது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

“மாரீ” என்றான்.

பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் மெல்லத் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. அவன் வரைய வாகாக மோவாயைக் கொஞ்சம் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் காட்டினாள். பிறகு மடியிலிருந்த சின்னத் துணிப்பொட்டலத்தை எடுத்து, மூடியிருந்த துணியை விலக்கி, அதன் முகத்தையும் அவன் பக்கம் திருப்பி, அசையாமல் பிடித்துக்கொண்டாள்.