ஸ்பீக்கருக்குப் பிடித்த குடை

கடவுளிடம் பிரவீனா எப்போதும் விவரமாகத்தான் பேசுவாள். காஞ்சிபுரம் காந்தி ரோடு பட்டுக்கடை ஒன்றில் வேலை. செல்போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, "பாருங்கமா, முந்தானையில மயிலு, பார்டர்ல யாளி... மடிப்பைப் பிரிச்சுக் காட்டட்டா?" என்று நாளெல்லாம் லைவில் கத்திக் கத்திச் சேலை விற்கிறவள். அந்தப் பழக்கம் ஜெபத்துக்கும் தொற்றிக்கொண்டது. கலர், டிசைன் எல்லாம் சொல்லித்தான் கேட்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலும் அப்படித்தான் கேட்டாள்.

"ஆண்டவரே, மீஞ்சூர் மாப்பிள்ளை வீட்டுக்கு அப்பா ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பதில் சொல்லப்போறாரு. ரயில்வே வேலையாம், சொந்த வீடாம், இருக்கட்டும். போன்ல பேசினா 'ம்', 'ம்ம்'... அவ்ளோதான் வருது. அவரோட எப்படி நான் காலம் பூரா குப்பை கொட்டறது? எங்கப்பா 'தேவ சித்தம்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அப்பறம் நான் வாயத் தொறக்க முடியாது. அதனால ஒரு அடையாளம் காட்டும். இன்னைக்கு மழை வரும்னு சொல்லிக்கினு இருக்காங்க. நனைஞ்சுக்கினு நிக்கிற எனக்கு எவன் குடை குடுக்கிறானோ, அவன்தான் எனக்கு. ஆளு கொஞ்சம் நல்லா இருந்தா ரொம்ப ஸ்தோத்திரம். ஆமென்."

சொல்லிவிட்டு ரெயின்கோட்டை வேண்டுமென்றே வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள். விசுவாசம் என்றால் சும்மாவா?

சாயங்காலம் மழை வந்தது. வந்தது என்றால்... கொட்டியது. சபையில் உபவாச ஜெபம் இருந்ததால் பிரவீனா கடையில் பெர்மிஷன் போட்டுவிட்டு, மூங்கில் மண்டபத்துக்குப் பக்கத்தில் ஸ்கூட்டியை ஓரம்கட்டி நின்றாள். எதிரே டீக்கடையில் ஒதுங்க நல்ல இடம் இருந்தது.

"ஏம்மா, உள்ள வந்து நில்லும்மா!" என்றார் டீக்கடைக்காரர்.

"பரவால்லண்ணா... எனக்கு நனையணும்."

அவர் பாய்லரைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

அப்போதுதான் வந்தது ஒரு குட்டியானை லோடு வண்டி. பள்ளத்தில் இறங்கி ஏறியதில், ரோட்டுத் தண்ணீர் முழுவதும் பிரவீனாவின் மேல்! தலையிலிருந்து செருப்பு வரைக்கும் சேறு. வண்டி நின்றது. உள்ளேயிருந்து ஒருவன் குதித்தான். கையில் பெரிய கறுப்புக் குடை!

பிரவீனா முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். இமை நுனியில் ஒரு மழைத்துளி தொங்கியது... தப்பு செய்துவிட்டோமே என்று பதறுகிற பெரிய கண்கள். 'ஆண்டவரே, இவ்ளோ சீக்கிரமாவா? சேறெல்லாம் எதுக்கு? சரி, பரவாயில்ல...'

அவன் குடையை விரித்தான். நேராக வண்டியின் பின்பக்கம் போனான். அங்கே இருந்த கறுப்புப் பெட்டிகளுக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஹலோ!"

"சாரிங்க. சத்தியமா சாரி. பள்ளம் தெரியலங்க."

"சாரியெல்லாம் கரெக்டாதான் சொல்றீங்க. குடைய எங்க புடிச்சிக்கினு இருக்கீங்க?"

"ஸ்பீக்கருக்குங்க. தார்ப்பாய் கிழிஞ்சுபோச்சு. நனைஞ்சா போயிரும்."

"அப்ப நான் நனைஞ்சா?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "நீங்க... காஞ்சிருவீங்க."

பிரவீனாவுக்கு வந்த கோபத்தில் லைவில் கூடச் சொல்லாத வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. உபவாசம் என்பதால் விழுங்கிவிட்டு ஸ்கூட்டியை முறுக்கினாள்.

வீட்டுக்குப் போய்ச் சேற்றைக் கழுவிவிட்டுச் சபைக்குள் நுழைந்தால், மேடை ஓரம் உட்கார்ந்து வயரைச் சுற்றிக்கொண்டு இருந்தவன்... அவனேதான்! வாலாஜாபாத் ரூபன். புதிதாக வந்திருக்கும் மைக்செட்காரன். துண்டால் தலையைத் துவட்டியபடி அவள் போட்ட முறைப்பில் அவன் எழுந்து வெளியே போனான். போகட்டும் என்று அவள் அம்மா ரேணுகாம்பாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்பா சாமுவேல் முன்வரிசையில் இருந்தார். சபை மூப்பர் ஆயிற்றே. இப்போது ஆட்டோ ஓட்டுகிறார், அதற்கு முன்னால் வாலாஜாபாத் ரைஸ்மில்லில் பல வருஷம். மில் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அதனால்தான் முன்வரிசை.

அவர்கள் சபையில் ஜெபம் என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் வாய்விட்டு ஜெபிப்பதுதான். கீபோர்டு ஒரு பக்கம், பாஸ்டரின் மைக் ஒரு பக்கம், நடுவில் சபை மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டு கதறும். யார் என்ன கேட்கிறார்கள் என்று பக்கத்தில் இருக்கிறவருக்கும் தெரியாது. மனதில் இருப்பதைக் கொட்ட இதைவிடப் பத்திரமான இடம் காஞ்சிபுரத்தில் கிடையாது. பிரவீனாவும் கண்ணை மூடி, லைவ் தொண்டையைத் திறந்து கொட்டினாள்.

திடீரென்று 'டப்' என்று ஒரு சத்தம். ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாம் ஒரே அடியாக நின்றன. சபை திடுக்கிட்டு வாயை மூடியது. இடிதான் விழுந்தது என்று நினைத்த பிரவீனா மட்டும் மூடவில்லை.

"...வேணாம் ஆண்டவரே, அந்த மைக்செட்காரன் வேணவே வேணாம்! ஸ்பீக்கருக்குக் குடை புடிச்சவன் நாளைக்கு எனக்கா புடிப்பான்? ஆனா அந்தக் கண்ணு... அப்படியொரு கண்ணை ஏன் ஆண்டவரே அவனுக்குப் போய்க் குடுத்தீர்? மீஞ்சூர்காரரை நெனச்சா ஒண்ணுமே தோணல. இவனை நெனச்சா கோவமாச்சும் வருது!"

ஏன் இவ்வளவு அமைதி? ஒரு கண்ணைத் திறந்தாள். சபை மொத்தமும் திரும்பி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மேடை ஓரத்தில் ரூபன், பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு சிலையாக நின்றான். அம்மா முந்தானையை வாயில் திணித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"ஆ... ஆமென்," என்றார் பாஸ்டர். பாவம், அவர் வேறு என்னதான் சொல்வார்?

அப்பா எழுந்தார். முகத்தில் ஈ ஆடவில்லை. ஸ்கூட்டியைச் சபையிலேயே விட்டுவிட்டு அம்மாவையும் அவளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் பின்னால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை.

சனிக்கிழமை விடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டோவை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். பிரவீனா கடைக்குப் போகவில்லை. ஜெபமும் பண்ணவில்லை. 'உம்மகிட்ட ரகசியமா சொன்னா, ஊரைக் கூட்டிக் காட்டிட்டீரே!' என்று மேலே பார்த்து முறைத்ததோடு சரி.

ஆனால் பொழுது சாய்ந்ததும் பயம் வந்தது. நாளைக்கு அப்பா மீஞ்சூருக்குச் சரி என்று சொல்லிவிட்டால்? 'ம்ம்' என்கிற அந்தக் குரலோடு ஒரு வாழ்க்கை... அழுகை முட்டியது. சண்டை போட்டாலும் போய் நிற்க அவளுக்கு வேறு இடம் இல்லை. முழங்கால் போட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல ஆண்டவரே... நீரே பாத்துக்கும்."

கலர் சொல்லவில்லை. டிசைன் சொல்லவில்லை. வாழ்க்கையில் அவள் பண்ணின ரொம்பச் சின்ன ஜெபம் அதுதான். எழுந்தபோது பயம் அப்படியேதான் இருந்தது. இருந்தும் தூக்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், யார் முகத்தையும் பார்க்காமல், பக்கவாட்டுச் சந்தில் விட்டிருந்த ஸ்கூட்டியை எடுக்க ஓடினாள். ஓடினவள் அப்படியே நின்றாள். ஸ்கூட்டி சீட்டுக்கு மேலே, ஹேண்டில்பாரில் வயரால் இறுக்கிக் கட்டி, விரித்தபடி ஒரு கறுப்புக் குடை. துணியில் வெள்ளை பெயின்ட்: ரூபன் சவுண்ட் சர்வீஸ்.

"அது... வெள்ளிக்கிழமையே கட்டுனதுங்க." பின்னால் ரூபன், கையில் மைக் ஸ்டாண்டோடு நின்றான். "நீங்க முறைச்சீங்க இல்ல, மனசு கேக்கல. போறப்பவாச்சும் நனையாம போவீங்கன்னு வந்து கட்டுனேன்."

"அப்ப உங்க பொட்டி?"

"அதுக்குத்தான் குடை இல்லாம போச்சே. சபைக் கூரை ஷீட்டு ஒழுகி ஆம்ப்ளிபயர்ல தண்ணி எறங்கிருச்சு. புகை வந்துச்சு, பிளக்கைப் புடுங்கிட்டேன். நீங்க அந்த நேரம் பாத்து..." மேலே சொல்லாமல் தலையைச் சொறிந்தான். காது சிவந்திருந்தது.

பிரவீனாவுக்குத் தலை சுற்றியது. குடை கொடுத்திருக்கிறான்! கேட்ட அன்றைக்கே கொடுத்திருக்கிறான்! அதனால்தான் மைக்கும் போனது, மானமும் போனது...

"பாப்பா!"

அப்பா. இரண்டு பேரும் சட்டென்று விலகி நின்றார்கள். சாமுவேல் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மீஞ்சூருக்கு வேணாம்னு சொல்லிட்டேன்."

"அப்பா...?"

"அன்னைக்கு நானும் ஜெபம்தான் பண்ணிக்கினு இருந்தேன். 'ஆண்டவரே, இந்தச் சம்பந்தம் வேணாம்னா என் காதுல கேக்கற மாதிரி சொல்லும், எனக்குக் காது மந்தம், நல்லா சத்தமா சொல்லும்'னு கேட்டேன். அடுத்த நிமிஷமே டப்புனு மைக்கு நிக்குது, உன் கொரலு கணீர்னு கேக்குது! மைக்செட்காரனுக்கா என் பொண்ணைக் குடுக்கறதுன்னு ஆண்டவர்கிட்டயே மல்லுக்கு நின்னேம்மா. நேத்து வாலாஜாபாத் போயி இந்தப் புள்ளையோட சபையில விசாரிச்சேன். ஒருத்தரும் கொறை சொல்லல. இனி நான் யாரு குறுக்க நிக்க? நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

அவர் விறுவிறுவென்று ஆட்டோவுக்குப் போய்விட்டார். பிரவீனாவின் கண்கள் நிறைந்து வழிந்தன. காட்டிக்கொடுத்துவிட்டார் என்று இரண்டு நாளாக யாரோடு சண்டை போட்டாளோ, அவர் அப்பாவுக்கு அல்லவா பதில் சொல்லியிருக்கிறார்!

பொட்டுப் பொட்டாகத் தூறல் ஆரம்பித்தது. குட்டியானையில் பெட்டிகள் திறந்து கிடந்தன. ரூபன் குடையை அவிழ்த்தான். வண்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

"ஸ்பீக்கர் நனையுதுங்க..." என்றாள்.

"நனையட்டும். காஞ்சிரும்." குடையை இன்னும் அவள் பக்கம் சாய்த்தான். "எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்குதுங்க. அன்னைக்குச் சேத்தோட நின்னுக்கினு திட்டுனீங்க பாருங்க... அப்பவே. உங்களுக்கு இன்னும் நான் வேணவே வேணாமா?"

பிரவீனா கண்ணை மூடினாள்.

"இன்னாங்க... ஜெபமா? மெதுவா பண்ணுங்க, எல்லாரும் வெளியதான் நிக்கிறாங்க."

"நிக்கட்டுமே!" என்றவள் லைவ் தொண்டையைத் திறந்தாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே! எனக்கு இவரை ரொம்ப, ரொம்பப் புடிச்சிருக்குது!"

ஆட்டோவிலிருந்து சாமுவேல் தலையை நீட்டினார்.

"கேட்டுருச்சும்மா, கேட்டுருச்சு!"