அவள் நீக்கிய எபிசோட்

லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. விளக்கு போய்விட்டது. மூலையில் எமர்ஜென்சி பல்பு மட்டும் தூக்கக் கலக்கத்தில் விழித்ததுபோல மங்கலாக எரிந்தது.

கையிலிருந்த, துணி மாதிரிகள் ஒட்டிய புத்தகத்தை அவள் மார்போடு அணைத்துக்கொண்டாள். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில்... மேலே அண்ணனின் திரைச்சீலைக் கடை. கீழே என்ன இருக்கிறது என்று நினைக்கவே அவள் விரும்பவில்லை. அவளுடைய போனோ கடை மேஜையில் கிடந்தது.

இன்டர்காம் பட்டனை அழுத்தினாள். "யாராவது இருக்கீங்களா..."

கரகரவென்ற சத்தத்துக்குப் பிறகு ஓர் ஆண்குரல் வந்தது. "இருக்கேங்க. லிஃப்ட் மெக்கானிக். சர்வீஸுக்கு வந்தேன், மேல மெஷின் ரூம்ல இருக்கேன். உள்ள எத்தனை பேரு?"

"நான் மட்டும்தான்..."

"நல்லதாப் போச்சு. இடிபடாம நிக்கலாம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இது... கீழ விழுமா?"

"விழாதுங்க. கரண்ட் போனதும் பிரேக் தானா பிடிச்சுக்கிச்சு. கையால சக்கரத்தைச் சுத்தித்தான் மேல ஏத்தணும். ஒருத்தர் பிரேக்கைத் தளர்த்திப் பிடிக்கணும், இன்னொருத்தர் சுத்தணும். ஆள் அனுப்பச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் பேசிட்டு இருப்போம்."

"எனக்கு மூச்சு முட்டுது..."

"சரி, சரி... கண்ணை மூடிக்குங்க. எனக்கு ஜோக்கெல்லாம் வராது. பாட்காஸ்ட் கேப்பீங்களா?"

அவளுக்குப் பகீரென்றது. "அப்படின்னா என்ன?"

அழகான பொய். ஒரு வருஷமாக, மதியம் அண்ணன் கண்ணயரும் நேரத்தில், ஸ்டோர் ரூமில் திரைச்சீலைச் சுருள்களுக்கு நடுவே புகுந்துகொண்டு போனில் பேசிப் பதிவு செய்கிறவள் அவள். கனமான துணி எதிரொலியை விழுங்கிவிடும். 'கொஞ்சம் பயமா இருக்கு' என்று அதற்குப் பெயர். தன் பெயரையோ முகத்தையோ எங்கும் காட்டியதில்லை. வாயே திறக்காத பெண் என்று ஊரே நினைக்கிறவளுக்கு அந்த ஸ்டோர் ரூமில் மட்டும் வாய் இருந்தது.

பாவம், அவன் பொறுமையாக விளக்கினான். "ரேடியோ மாதிரிதாங்க. ஆனா ரேடியோன்னா அவங்க போடுற நேரத்துக்கு நாம உக்காரணும். இது நமக்கு எப்போ தோணுதோ அப்போ கேக்கலாம். யாரோ ஒருத்தர் பேசிப் போட்டிருப்பாங்க. பிடிச்சுதுன்னா ஃபாலோ பண்ணிக்கணும், அடுத்த எபிசோட் தானா வந்து நிக்கும். இங்க சிக்னல் கிடைக்காது, அதனால நான் வீட்லயே டவுன்லோட் பண்ணிட்டு வந்துடுவேன். நேரம் இல்லைன்னா ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட விட்டுடுவேன்."

"ஒன்றரை மடங்கா..." பயத்திலும் அவளுக்கு ரோஷம் வந்தது. "பேசினவங்க பாவம் இல்லையா?"

"பாவம்தான். எல்லாரும் அப்படித்தாங்க கேக்கிறோம். ஒருத்தங்களை மட்டும் என்னால அப்படி ஓட்ட முடியாது. 'கொஞ்சம் பயமா இருக்கு'ன்னு ஒண்ணு. யாரு, எவருன்னு தெரியாது. பேசிட்டே வந்து நடுவுல நிறுத்துவாங்க... அந்த இடத்துலதான் அவங்க இருக்காங்கன்னு தோணும். வேகமா ஓட்டினா ஆளே காணாமப் போயிடுவாங்க."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். முகம் தெரியாத ஒருவன், தான் பேசாமல் விட்ட இடங்களைக்கூடக் கேட்டிருக்கிறான். அந்த இருட்டிலும் அவள் கன்னம் சுட்டது.

"அதுல ஒரு எபிசோட் போடுறேன். வந்த மறுநாளே நீக்கிட்டாங்க. நான் முன்னாடியே இறக்கி வச்சதால என் போன்ல தங்கிடுச்சு."

அந்த எபிசோடா... ஐயோ, அதுவா...

"வேணாம்" என்று அவள் பட்டனை அழுத்துவதற்குள் இன்டர்காமில் தடதடவென்று காலடி ஓசை. மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல். "உள்ள இருக்கிறது என் தங்கச்சி. நான் என்ன செய்யணும்?"

அண்ணன்.

"நீங்க சக்கரத்தைப் பிடிங்க சார். அவங்க ரொம்பப் பயந்திருக்காங்க. இன்டர்காம் பட்டனைக் கட்டி வச்சுட்டு போனைப் பக்கத்துல வைக்கிறேன், கேட்டுட்டே வரட்டும்."

மேலே பட்டன் அழுந்தியிருக்கும்வரை கீழே பேசுவது மேலே போகாது. அது தெரியாமல் அவள் கத்தினாள், கதவைத் தட்டினாள். லிஃப்ட் அங்குலம் அங்குலமாக ஏறத் தொடங்கியது. கூடவே அவளுடைய குரலும் வந்தது.

'எனக்கு இருட்டுன்னா பயம் இல்ல... எங்க அண்ணன் பேசாம இருந்தா பயம். அம்மா அப்பா போனப்புறம் எனக்கு எல்லாமே அவர்தான். ஒருநாளும் அடிச்சதில்ல. உனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும் பாப்பான்னு சொல்வார்... அதுக்கப்புறம் எனக்குக் குரல் வராது. இப்போ ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கார். எனக்குப் பிடிக்கல. சொன்னா, இவளை வளர்த்ததே வீண்னு நினைச்சுடுவாரோ...'

லிஃப்ட் நின்றுவிட்டது.

"சார், ஏன் நிறுத்திட்டீங்க? சுத்துங்க சார்."

பிறகு அண்ணனின் குரல், அவள் அதுவரை கேட்டிராத ஒரு குரல். "இது... எங்க பாப்பா குரல்."

பயத்தைப் போக்கப் போய்க் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. போன் அணைந்தது. சக்கரம் மறுபடி சுற்றியது. இப்போது அவளுக்கு லிஃப்ட் விழுந்துவிடுமோ என்ற பயமே இல்லை. மேலே போய்ச் சேர்ந்துவிடுமே என்றுதான் பயம்.

கதவைத் திறந்தது மெக்கானிக். நெற்றியில் கிரீஸ் கறை, அதற்குக் கீழே கலங்கிப்போன இரண்டு கண்கள். அவளைப் பார்த்தவன் அப்படியே நின்றான். ஒரு வருஷமாகக் காதுக்குள் இருந்தவள் கண்ணெதிரில் நின்றால் பாவம், அவன்தான் என்ன செய்வான்...

"மன்னிச்சுடுங்க. அந்தக் கரகரப்புல நீங்கதான்னு எனக்கு..."

அவள் அவனைத் தாண்டிப் பார்த்தாள். படிக்கட்டில் அண்ணனின் முதுகு இறங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறைகூட அவர் திரும்பவில்லை.

அண்ணன் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. அது நின்றதா, நடக்குமா என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. ஒவ்வொரு முறை அவர் தொண்டையைச் செருமும்போதும் அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

சனிக்கிழமை மதியம் மெக்கானிக் கடைக்குள் நுழைந்தான். அவள் விரைந்து போய் மறித்தாள். "நீங்க ஏன் வந்தீங்க? போயிடுங்க... அண்ணன் உள்ள இருக்கார்."

"அவர்தான் வரச் சொன்னார்." அவன் முகமும் வெளுத்திருந்தது. "எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு."

அண்ணன் அவனை உள்ளே அழைத்துப்போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினார். துணியை அளப்பதுபோல் பாவனை செய்துகொண்டே அவள் பார்த்தாள். சண்டை போடுவாரோ... சட்டையைப் பிடித்துவிடுவாரோ... அண்ணன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தன் போனை அவனிடம் நீட்டினார். அவன் எதையோ தட்டிக் காட்டினான். அண்ணன் இயர்போனை இடம் வலம் மாற்றிச் செருகிக்கொள்ள, அவன் மெதுவாக எடுத்துச் சரியாக வைத்தான்.

அவன் வெளியே வந்து ஒன்றும் சொல்லாமல் வாசலில் நின்றுகொண்டான். அண்ணன் கேட்டார்... கேட்டுக்கொண்டே இருந்தார். வெயில் சாய்ந்து ஷோகேஸ் திரைச்சீலையில் மஞ்சளாகப் படிந்தபோதுதான் எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஒரு வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லியிருக்க. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சுண்ணா..."

"நான் பேசாம இருந்தது கோவத்துல இல்ல பாப்பா. பேசினா அழுதுடுவேன்னு எனக்கும் பயம்." அவர் இயர்போனைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு யாரும் வரலை. அன்னைக்கே சொல்லிட்டேன். அந்த எபிசோடைத் திரும்பப் போடு... வளர்த்தது வீண் இல்லன்னு மட்டும் கடைசியில சேர்த்துக்கோ."

அவள் அவர் தோளில் முகம் புதைத்து அழுதாள். இத்தனை நாள் விழுங்கிய அழுகை எல்லாம் வந்தது.

அண்ணன் வாசல் பக்கம் பார்த்தார். "அந்தத் தம்பி இன்னும் நின்னுட்டு இருக்கு. வேகத்தைக் கூட்டாம கேளுங்க சார்னு எனக்கே பாடம் எடுத்துச்சு. போய் என்னன்னு கேளு." சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமல் துணி மடிக்கத் திரும்பினார். வேண்டுமென்றேதான்.

வாசலை ஒட்டிய படிக்கட்டில் அவன் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தான். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. இருவருமே அந்தப் பக்கம் போகவில்லை.

"போன்ல இருந்த அதை அழிச்சுட்டேங்க," என்றான். "உங்களைக் கேக்காம வச்சிருந்தது தப்பு." கொஞ்சம் நிறுத்தினான். "ஆனா உங்களை அழிக்க முடியல. குரலா இருந்தப்போவே பிடிச்சிருந்துச்சு. இப்போ... தூக்கமே வரலைங்க. நீங்க எதுவும் சொல்ல வேணாம். சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."

அவள் பேசவில்லை. கீழே யாரோ கதவைச் சாத்தினார்கள். அவள் இன்னும் பேசவில்லை. அவன் அவசரப்படுத்தவில்லை. அந்த மௌனம் முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

துணிச் சுருளோ போனோ இல்லாத வெளிச்சத்தில், முதல்முறையாக ஒரு முகத்தைப் பார்த்து அவள் சொன்னாள்.

"கொஞ்சம் பயமா இருக்கு... ஆனா, எனக்கும் பிடிச்சிருக்கு."