பலகைச் சுவர்

மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் பழைய கேண்டீன் மழைக்கு ஒழுகும், வெயிலுக்குக் கொதிக்கும். அதில் நின்று மீ நூடுல்ஸ் கிளறியே திலகவதியின் அம்மா இருசம்மாளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது.

புதுக் கேண்டீனை வரைந்தவர் மலாக்கா டவுனிலிருந்து வந்த ஃபாத்திஹா. தோட்டத்தில் ரப்பர் ஷீட் உலர்த்திய, இப்போது மூடிக் கிடந்த புகைக்கூடத்தைப் பிரித்து, அந்தப் பலகைகளிலேயே சுவர் கட்டலாம் என்றவரும் அவர்தான். பலகைகள் பள்ளித் திடலோரம் அடுக்கிக் கிடந்தன.

"உள்ள நின்னு வேலை செய்யப்போறது நீங்க. எது சரியில்லன்னு தைரியமா சொல்லுங்க," என்று பெற்றோர் கூட்டத்தில் இருசம்மாளிடம் படத்தை விரித்தார் ஃபாத்திஹா.

இருசம்மாள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "சரிங்க. நல்லா இருக்கு."

கூட்டத்துக்கு வந்த பெற்றோரும் தலையாட்டினார்கள். படித்தவர் வரைந்ததில் யார் குறை சொல்வது?

"அப்ப ஞாயித்துக்கிழமை கடைசியா ஒரு தடவை வர்றேன். அதுக்கப்புறம் மாத்த முடியாது," என்றார் ஃபாத்திஹா.

வீட்டுக்குப் போகும் வழியில் திலகவதி கேட்டாள்.

"அம்மா, அந்தப் படத்துல அடுப்பு எங்க இருக்கு?"

"எங்கயாவது இருக்கும். ஒரே கோடு. எனக்கென்ன தெரியும்?"

"தெரியாமலா சரின்னு சொன்னே?"

"வாயை மூடிட்டு நட."

திலகவதி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் சும்மா இருக்கவில்லை.

சனிக்கிழமை, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துச் சமையலறையைத் திடலில் வரைந்தாள். படத்தில் ஒரு விரல் அகலம், தரையில் ஒரு எட்டு நடை. ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு போடும் சுண்ணாம்புத் தூள் கை கொடுத்தது.

பக்கத்து வீட்டுத் தினேஸ்வரன் சைக்கிளை நிறுத்தினான். "என்னலா, உனக்கு மாளிகையா?"

பதில் சொல்வதற்குள் மழை கொட்டியது. மாளிகை சாக்கடைக்குப் போனது.

"முடிஞ்சது. வீட்டுக்குப் போலாம்லா."

"கோடுதானே கரையும்? பலகை கரையாதே. அந்த முனையைப் பிடி."

"நானா?"

"நீதான். கேலி பண்ண வந்தேல்ல?"

இருட்டுவதற்குள் இருவர் கையிலும் மரச் சிலாம்பு ஏறியிருந்தது. சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் பலகை படுத்திருந்தது.

மறுநாள் ஃபாத்திஹாவும் பெற்றோரும் திடலுக்கு வந்தார்கள். இருசம்மாள் எல்லோருக்கும் பெரிய கெட்டிலில் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"அம்மா, இதுதான் உன் புது அடுப்படி," என்றாள் திலகவதி. "செங்கல் இருக்கிற இடம் அடுப்பு. பிள்ளைங்க வரிசையில நிக்கிறது அதோ, அந்தப் பக்கம். அடுப்புலேர்ந்து கெட்டிலை எப்பவும் போல எடுத்துட்டு வா."

இருசம்மாள் எப்பவும் போல நேராக நடந்தார். கால் பலகையில் இடித்தது. கெட்டில் சாய்ந்து, ஆறிப்போன தேத்தண்ணி தினேஸ்வரனின் செருப்பில் ஊற்றியது.

"எவன்டா இங்க கட்டையைப் போட்டது?"

"சுவரும்மா. நீ சரின்னு சொன்ன சுவர்."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபாத்திஹா மட்டும் சிரிக்கவில்லை.

"சுத்திப் போய்ப் பாருங்கக்கா," என்றார்.

இருசம்மாள் சுற்றிப் போனார். வழி, பிள்ளைகள் கை கழுவ என்று திலகவதி பலகை போட்டுக் காட்டியிருந்த இடத்துக்குள் போனது.

"இங்க தரை ஈரமா இருக்கும்," என்றார் மெல்ல. "கொதிக்கிற சட்டியோட வருவேன். பிள்ளைங்க குறுக்க ஓடும்."

"நான் இதை யோசிக்கல," என்று ஃபாத்திஹா பென்சிலை எடுத்தார். "சுவரை இந்த ஓரத்துக்குத் தள்ளிடவா?"

இருசம்மாளின் வாயில் 'சரி' வந்து நின்றது. அதை விழுங்கினார். கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பலகையைத் தூக்கினார்.

"அங்க வேணாம்மா. திலகா, அந்த முனையைப் பிடி. நான் சொல்ற வரைக்கும் கீழ வைக்காதே."