எனக்கும் மூலம்தாங்க

மோதல் என்றால் மோதல்… அப்படி ஒரு மோதல்!

மாடிப்படியிலிருந்து அவன் ஓடி வந்த வேகத்தில், மழைக்குள்ளிருந்து அப்போதுதான் வாசலேறிய மதிவதனியின் குடை மடங்கி, அதிலிருந்த தண்ணீர் மொத்தமும் அவன் சட்டையிலேயே கொட்டியது. இடித்தவனுக்கே தண்டனை. கடவுள் சில சமயம் வாய்தா போடுவதே இல்லை.

"கண்ணு தெரியலையா சார்? இப்படியா ஓடி வருவாங்க… உள்ள என்ன பேயா இருக்குது?"

"சாரிங்க… பேய் இல்லைங்க… சாரி…"

இருவர் முகத்திலும் மாஸ்க். தெரிந்ததெல்லாம் கண்கள்தான். அவனுக்கு மிரண்ட கண்கள்… ஆனால் பொய் சொன்னால் உடனே காட்டிக்கொடுத்துவிடும் ரகம். அவளுக்கோ, கோபத்திலும் ஓரத்தில் ஒரு சிரிப்பைப் பத்திரமாக வைத்திருக்கும் கண்கள். ஓடி வந்தவன் ஓடாமல் நின்றதற்கு மழை மட்டும்தான் காரணம் என்று நான் சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசைத் தாண்டி இருக்கிற ஒரு தனியார் மருத்துவமனை வாசல் அது. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. மலையைக் காணோம். ஊருக்கே அடையாளமாக நிற்கிற மலையை மேகம் மூடி மறைத்துவிட்டிருந்தது.

மதிவதனியின் செல்போன் அடித்தது. அம்மா தனம்.

"சொல்லும்மா… மறுபடியுமா?… மூலம்னா மூலம்தான், நான் என்னம்மா பண்றது? ஆபரேசன் பண்ணியா மாத்திக்க முடியும்?… ஊர்ல எவனுக்குத் தெரியல, சொல்லு… சரி, வை."

இவளுக்கு வயது முப்பத்தொன்று. பிறந்தது மூல நட்சத்திரத்தில். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஜாதகம் போகும். போன வேகத்தில் திரும்பி வரும். அன்று காலையும் ஒன்று திரும்பியிருந்தது. ஆனால் பக்கத்தில் ஈரச் சட்டையோடு நின்றவனுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? மருத்துவமனை வாசலில் ஒரு பெண் 'மூலம்' என்றால், அவன் வேறு எதை நினைப்பான்!

"உங்களுக்கும் மூலமாங்க?" என்றான், பரிதாபமாக.

அவள் திரும்பினாள். "உங்களுக்கும்னா?"

"எனக்கும்… அதாங்க." கண்கள் உடனே தரையைப் பார்த்தன. பொய்!

"உங்களுக்கென்ன சார், ஆண் மூலம் அரசாளும். பொண்ணுங்களுக்குத்தான் பாடு."

மூலத்துக்கும் அரசாள்வதற்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டான். "ஆமாங்க. பொம்பளைங்க வெளிய சொல்லவே கூச்சப்படுவாங்க."

"எங்கம்மா ஊர் பூராவும் சொல்லி வச்சிருக்காங்க."

"ஊர் பூராவுமா!"

"பின்ன? செங்கத்துல ஒரு ஜோசியர், போளூர்ல ஒரு ஜோசியர்… எல்லாருகிட்டயும் காட்டியாச்சு. பாக்குறாங்க, உதட்டப் பிதுக்குறாங்க."

அவனுக்கு மூச்சே நின்றுவிட்டது. "ஜோசியர்கிட்டயாங்க… காட்டினீங்க?"

"வேற யாருகிட்ட காட்டுறது?"

"தப்புங்க, ரொம்ப தப்பு! காரத்த கம்மி பண்ணுங்க. கருணைக்கிழங்கு ஜாஸ்தி சேத்துக்கங்க. துத்தி இலைய வதக்கி…"

"கருணைக்கிழங்கு தின்னா… நட்சத்திரம் மாறிடுமா?"

"நட்சத்திரமா?"

ஒரு நொடி… ரெண்டு நொடி… அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அடக்க முடியாத சிரிப்பு. மாஸ்க் நனைகிற அளவுக்குக் கண்ணில் நீர். அவன் அசடு வழிய நின்றான். 'ஐயோ, இந்தச் சிரிப்பை இன்னொரு தரம் கேட்கலாம் போலிருக்கிறதே…' என்று அவனுக்குத் தோன்றியது. 

அந்த நேரம் பார்த்துத்தானா நர்ஸ் பாஞ்சாலை படியிறங்கி வர வேண்டும்? பாஞ்சாலைக்கு மைக் தேவையில்லை.

"கிட்னி மாத்தி பத்து வருசம் ஆனவங்க, ஆசனவாய் பரிசோதனைக்கு வாங்க! மதிவதனி! இளஞ்செழியன்… எங்கப்பா இளஞ்செழியன்? இப்பத்தான உக்காந்திருந்தாரு!"

சிரிப்பு அப்படியே உறைந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். வாசலில் நின்ற ஆட்டோக்காரர் இருவரையும் பார்த்தார்.

"அப்ப… மூலம் இல்லையா உங்களுக்கு?" அவள்தான் முதலில் கேட்டாள்.

"இல்லைங்க. ஓடிட்டு இருந்தேன்." குரல் இறங்கியது. "எங்கப்பா குடுத்த கிட்னிங்க. கீழ்பென்னாத்தூர்ல டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சிருக்கேன். ஆம்பள… போயும் போயும் அந்த எடத்தப் போயி ஒருத்தர்கிட்ட… செத்தாலும் பரவால்லன்னு கெளம்பிட்டேன்."

"செத்தாலுமா?" அவள் கண்ணில் இப்போது சிரிப்பு இல்லை. "எனக்கு எங்கம்மா குடுத்தாங்க. அந்தக் கிட்னிய உடம்பு தள்ளிடாம இருக்கத்தான் தினமும் மாத்திரை போடுறோம். அதே மாத்திரைதான் எதிர்ப்பு சக்தியயும் கம்மி பண்ணுது. ஊர்ல எல்லாருக்கும் வந்து தானா போயிடுற ஒரு வைரஸ், நம்ம உடம்புல போவாம அங்க போய் உக்காந்துக்குதாம். வருசக்கணக்கா சத்தமே இல்லாம இருந்து புத்துநோயா மாறலாமாம். அதுக்கு முன்னாலயே பாத்துட்டா எடுத்துடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. உங்கப்பா கிட்னிய உங்களுக்கு எதுக்குக் குடுத்தாரு, வெக்கப்பட்டுச் சாவவா?"

அவன் படியைத் திரும்பிப் பார்த்தான்.

"சரி, ஒரு ஒப்பந்தம். நான் மொதல்ல போறேன். சிரிச்சுட்டு வந்தா, நீங்க போங்க. அழுதுட்டு வந்தா… தாராளமா ஓடுங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியேறிவிட்டாள். தைரியசாலிதான்… ஆனால் மேல்படியில் கைப்பிடியை அவள் இறுக்கிப் பிடித்ததை அவன் பார்த்துவிட்டான்.

டாக்டர் சந்திரகலா மாதத்துக்கு ஒருநாள் சென்னையிலிருந்து வருகிறவர். அவசரமே இல்லாத குரல்.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படும்மா. மொதல்ல விரலால தடவிப் பாப்பேன். அப்புறம் ஒரு சின்னக் குழாய். அது வழியா லென்ஸ் வச்சு பெருசாக்கிப் பாக்கணும். வலிச்சா சொல்லு, உடனே நிறுத்திடுறேன்."

கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் சங்கடம், கொஞ்சம் எரிச்சல்… அவ்வளவுதானா? இதற்கா அந்த மனுஷன் அப்படி ஓடினார்?

"இப்ப தடவுறது தண்ணி கலந்த வினிகர். கெட்டுப்போக ஆரம்பிச்ச எடம் ஏதாச்சும் இருந்தா, இது பட்டதும் வெள்ளையா வெளுத்துடும்."

மதிவதனி கண்ணைத் திறந்தாள். "வினிகரா டாக்டர்? நான் ரமணாசிரமம் பக்கத்துல கஃபேல சமைக்கிறேன். தினமும் வெள்ளரிக்கா சாலட்ல ஊத்துறேனே… அந்த வினிகரா?"

"அதேதான். திரையில பாக்குறியா?"

பார்த்தாள்.

செம்பருத்தி இதழ்போலச் சிவந்து, இழை இழையாக ரத்த நாளம் ஓடிய ஓர் இடம். இதுவும் நானா? முப்பத்தொரு வருஷமாகக் கூடவே இருந்திருக்கிறது. பெயரைச் சொல்லக்கூட நாக்குக் கூசியது. அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு, இத்தனை அழகாக, இத்தனை அமைதியாக… யாரும் பார்க்கவில்லை என்ற குறைகூட இல்லாமல்! சாலட்டில் ஊற்றுகிற ஒரு துளி, வருஷங்கள் கழித்து வரப்போகிற ஆபத்தை இன்றைக்கே காட்டிக்கொடுக்குமா? யாரோ ஒருவர் இதை யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறாரே… கோயிலில் கருவறை முன்னால் திரை விலகும்போது வாயடைத்துப்போகுமே, அப்படித்தான் இருந்தது அவளுக்கு. கண் தானாக நிறைந்தது.

எங்கும் வெளுக்கவில்லை. "சுத்தமா இருக்கு. ஆனா விட்டுடாத, அப்பப்போ வந்து காட்டணும்" என்றார் டாக்டர்.

அவன் ஓடியிருக்கவில்லை. படிக்குக் கீழேயே நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் குழம்பினான்.

"என்னங்க இது… சிரிக்கிறீங்களா, அழுவுறீங்களா?"

"ரெண்டும்தான்."

"அப்ப நான் என்னங்க பண்றது?"

"பேசாம உள்ள போங்க!"

போனான். வெகுநேரம் கழித்து வந்தான். முகமூடிக்கு மேல் அந்தக் கண்கள் வெளிறிக் கிடந்தன.

"ஒரு எடம் வெளுத்துச்சுங்க. துளி சதை எடுத்து அனுப்பியிருக்காங்க."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மழை விடும்வரை எழுந்திருக்கவில்லை.

முடிவு வந்தது. புற்று இல்லை… புற்றாவதற்கு முந்தின படி. டாக்டர் சந்திரகலா அதைச் சுட்டு நீக்கினார். திரும்பவும் வரக்கூடும், ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்றார். பார்க்காமலே விட்டிருந்தால் சில வருஷத்தில் என்னவாகியிருக்கும் என்று நினைத்தபோது, இளஞ்செழியனுக்கு அந்தக் குடைத் தண்ணீர் ஞாபகம் வந்தது.

அப்புறம் ஞாயிறு தவறாமல் கஃபேக்கு வந்தான். கையில் ஒரு பை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. என்ன சாப்பிடுவதென்று தெரியாமல், "வினிகர் போடாத ஐட்டம் ஏதாச்சும் குடுங்க" என்பான். அங்கேதான் அவள் முகத்தை முழுசாகப் பார்த்தான். கன்னத்தில் மாவு. 'இத்தனை நாள் இதையா மறைத்து வைத்திருந்தாள்…' மாஸ்க் கண்டுபிடித்தவன்மேல் அவனுக்குக் கோபமே வந்தது.

தை மாதத்தில் ஒருநாள் சொல்லியேவிட்டான். "உங்க முகத்த மாஸ்க் இல்லாம தினமும் பாக்கணும்போல இருக்குதுங்க. எங்க வீட்ல பேசட்டுமா?"

அவளுக்குள் ஏதோ சடசடவென்று கொட்டியது, மழை இல்லாத மாதத்தில். பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். "எனக்கு மூலம்ங்க. மறந்துட்டீங்களா?"

மறந்தவன் அவன். மறக்காதவர் அவன் அம்மா தமிழ்செல்வி. 

"கிட்னி மாத்தினவளா, பரவால்ல. வயசு முப்பத்தொண்ணா, பரவால்ல. ஆனா மூலம் ஆவாதுடா! மூலத்துக்காரி மாமனாருக்கு ஆவாதுன்னு உலகமே சொல்லுது. உசுரையே பிச்சுக் குடுத்த மனுஷண்டா உங்கப்பா!"

இதை மறைக்காமல் வந்து சொன்னதுதான் அவன் செய்த நல்லது. அவன் சண்டை போடத் தயாராக இருந்தான். அவள்தான் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வேணாங்க. உங்கப்பாவுக்கு நாளைக்கு ஒரு தலைவலி வந்தாலும் எல்லாரும் என்னத்தான் பாப்பாங்க. எங்கம்மா கிட்னி குடுத்து மீட்ட உசுருங்க இது. அதுக்குக் கெட்ட பேரு வாங்கித் தர மாட்டேன்."

அதன்பிறகு அவள் போனை எடுக்கவில்லை. ஞாயிறுகளில் சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை. மல்லாட்டைப் பை மட்டும் கல்லாவில் இருக்கும். இரவு அதை உரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ரோஷக்காரிக்கு அழுகை மட்டும் லேசில் வராது… வந்தால் லேசில் நிற்காது.

சித்திரையில் அவனுடைய மறுபரிசோதனை நாள். போகவே கூடாது என்று நினைத்தாள். ஆட்டோவில் ஏறி வேங்கிக்காலுக்கு என்று சொன்ன பிறகும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கோடை மழை தூறிக்கொண்டிருந்தது. அதே வாசல். அவன் தனியாக இல்லை. பக்கத்தில் வெள்ளை வேட்டியில் ஒருவர். அதே கண்கள், வயதானவை. அவன் அப்பா ராஜமாணிக்கம்.

அவள் திரும்பிவிடப் பார்த்தாள்.

"நில்லும்மா. நீதான் அந்த மூலத்துக்காரியா?"

நின்றாள். "ஆமாங்க ஐயா."

"பையன் எல்லாத்தையும் சொன்னான். அன்னிக்கு ஓடுனவன நீதான் உள்ள அனுப்புனியாம்." அவர் மகனின் வயிற்றுப் பக்கம் கையைக் காட்டினார். "நானு பாதி இங்க நிக்கிறேன், பாதி அவனுக்குள்ள கெடக்குறேன். அவன் போயிருந்தா நானும் பாதி போயிருப்பேன். என் வீட்டுக்காரிகிட்ட கேட்டேன்… மாமனாரோட பாதி உசுர, கல்யாணத்துக்கு முன்னாலயே காப்பாத்தினவ, எனக்கு எப்பிடிடி ஆவாம போவான்னு."

"அதுக்கு… அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்தா. காலையில மல்லாட்டை அவிச்சு, அந்தப் பொண்ணுக்குக் குடுங்கன்னு கட்டிக் குடுத்தா."

தூக்குவாளியை நீட்டினார். இன்னும் சூடாக இருந்தது. மதிவதனி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எத்தனை வீட்டிலிருந்து ஜாதகம் திரும்பி வந்திருக்கிறது… ஒரு வீட்டிலிருந்தும் இப்படி எதுவும் வந்ததில்லை.

"இளஞ்செழியன்!" மாடியிலிருந்து பாஞ்சாலை.

அவன் முகம் சட்டென்று வாடியது. திரும்பவும் வெளுத்திருந்தால்? அவள் பக்கத்தில் வந்து, அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னான். "இன்னிக்கு என் ஒப்பந்தங்க. நான் சிரிச்சுட்டு வந்தா, தை மாசம் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"அழுதுட்டு வந்தா?"

"கேக்க மாட்டேன். அப்பிடியே போயிடுவேன்."

"போயிடுவீங்களா? மறுபடியும் ஓட்டமா?" கண்ணில் நீரோடு முறைத்தாள். "சிரிச்சுட்டு வாங்க, அழுதுட்டு வாங்க… எப்பிடி வந்தாலும் பதில் ஒண்ணுதான். மொதல்ல உள்ள போங்க!"

அவன் படியேறினான்.

தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பெரியவர் வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார். தூறல் நின்றது. மேகம் நகர, முதலில் உச்சி, அப்புறம் தோள், அப்புறம் முழு மலையும் வந்து எதிரே நின்றது. எங்கேயும் போகவில்லை… இத்தனை நேரமும் இங்கேயேதான் இருந்திருக்கிறது. தினமும் பார்க்கிற மலைதான். இன்றைக்கு அவளால் கண்ணை எடுக்கவே முடியவில்லை.

கதவு திறந்தது. படியில் நின்றான். மாஸ்க்கைக் கழற்றிவிட்டிருந்தான். சிரிப்பும் இருந்தது, கன்னத்தில் ஈரமும் இருந்தது.

"வெளுக்கலைங்க… ஒரு எடமும் வெளுக்கல."

ராஜமாணிக்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இளஞ்செழியன் அவளையே பார்த்தான். அந்தக் கண்கள் பதிலுக்குக் காத்திருந்தன.

அவள் அவனைப் பார்க்கவில்லை. தூக்குவாளியைத் திறந்து, ஒரு கை மல்லாட்டையை எடுத்துப் பெரியவர் பக்கம் நீட்டினாள்.

"மொதல்ல நீங்க எடுத்துக்கங்க, மாமா."