எரியாத தூசி

எழுந்தான். பல் துலக்கினான். ஒரு தம்ளருக்கு மட்டும் பால் காய்ச்சினான். சாப்பாட்டு மேசையில் சாம்பல் நிறத் தூசி படிந்திருந்தது. நேற்றும் துடைத்திருந்தான். ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன.

அழைப்பு மணி அடித்தது. அவன் அசையவில்லை. மனைவி சாலை விபத்தில் போனதிலிருந்து இப்படித்தான். ஆறுதல் சொல்ல யாராவது வந்திருப்பார்கள். அடித்து அலுத்துத் திரும்பிவிடுவார்கள்.

அவனுக்கு வேலை அணு இணைவு உலையில். உள்ளே சூரியனைப்போல் கொதிக்கும் பிளாஸ்மா வாயுவில் தூசி விழுந்தால் கொதிப்பே அணைந்துவிடலாம். அதிவேகக் கேமராப் படங்களில் தூசி எரிந்து இழுக்கும் ஒளிக்கோட்டைப் பிடித்து, அதைப் பின்னோக்கி நீட்டி, சுவரில் எங்கிருந்து உதிர்ந்தது என்று அவன் சொல்ல வேண்டும்.

அன்று ஒரு துகள் எரியவில்லை. ஒவ்வோர் இடுக்கிலும் நின்று நின்று, இருட்டில் கையால் துழாவி வழி தேடுகிறவரைப்போல, சுவரைத் தடவிக்கொண்டே நகர்ந்தது. கோட்டைப் பின்னோக்கி நீட்டினான். சுவரில் முடியாமல், காற்றுகூடப் புகாத உலைக் கதவில் போய் நின்றது.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"வெளியிலேர்ந்து வந்துச்சா? வாட்ச்மேன் எப்படி மாப்ள உள்ள விட்டான்?" சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். "நீ வீட்டுக்குப் போ. நாங்க யாருமே உன்னை வந்து பாக்கல. மூணு மாசமாச்சு. மனசுல வெச்சுக்காத."

அப்படியானால் மணியை அடிப்பது யார்?

மதியமே வீடு திரும்பினான். கதவைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினான். கூடத்தில் சரிந்து கிடந்த வெயிலில், சுடுகாட்டின் தீய்ந்த நெடியும் அதற்கடியில் அவளுடைய சோப்பின் மணமும் கலந்து நிற்க, தூசி கீழே விழாமல் ஒரே பக்கமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. பழக்கதோஷம். கண்ணாலேயே பின்னோக்கி நீட்டினான்.

சாவித்துவாரம்.

நூல்போல உள்ளே வந்துகொண்டிருந்தது.

மணி அடித்தது. அவன் நகரவில்லை.

மணி நின்றது.

தூசி திரண்டது. மணிக்கட்டு. உள்ளங்கை. விரல்கள். சுண்டுவிரல் பாதிதான். மீதி இன்னும் வந்து சேரவில்லை. விரல்கள் சுவரைத் தடவின. ஆணியைத் தொட்டன.

சாவி ஆடியது.

கடைசியாக அவள் என்னென்னவோ உருக்கமாகச் சொன்னதாகச் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். விபத்து நடந்த அன்று செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னது இவ்வளவுதான்:

"நான் சாவி எடுக்கல. மணி அடிச்சா மரம் மாதிரி உக்காந்திருக்காம வந்து திற."